வேறு துறையிலிருந்து புள்ளியியல் முனைவர் படிப்புக்கு: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மயிலாடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்துக்காரி. பி.எஸ்ஸி. வேளாண்மையும் வேளாண் புள்ளியியலில் முதுகலையும் முடித்துவிட்டு, இப்போது அமெரிக்காவில் புள்ளியியல் முனைவர் படிப்பில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். முதல் ஆண்டு ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பித்தேன், ஒன்பதும் கைவிரித்தன. மறு ஆண்டு எட்டுக்குப் போட்டதில் இரண்டு கிடைத்தன. ஊருக்கு வரும்போதெல்லாம் தம்பி தங்கைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். அமெரிக்காவைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். நான் பட்டுத் தெரிந்துகொண்டது அந்த நாட்டில்தான்.

புள்ளியியல் என்றால் சென்சஸ் எடுக்கும் வேலைதானே? அதற்கு எதற்கு டாக்டர் பட்டம்?

இதை முதலில் கேட்டவர் என் சித்தப்பா. பதிலும் அவர் வயலிலேயே இருக்கிறது.

நான் பதினொன்றாம் வகுப்புப் படித்தபோது, ஒரு தை மாதம், பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு அலுவலர் ஒருவர் வந்தார். கையில் எண்கள் அச்சிட்ட தாள். அதைப் பார்த்து ஒரு சர்வே எண்ணைச் சொன்னார்; அது பெரியப்பாவின் வயல். வயலின் மூலையிலிருந்து நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி என்று அதே தாளைப் பார்த்து எண்ணி நடந்து, முளையடித்துக் கயிறு கட்டினார். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர். அந்தச் சதுரத்துக்குள் இருந்த சம்பா நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டார்கள். பக்கத்திலேயே சித்தப்பாவின் வயல் ஒரு வாரம் தண்ணீரில் கிடந்து அழுகிப்போயிருந்தது. அதை யாரும் தொடவில்லை. "அண்ணன் வயலில் அறுத்துவிட்டு என் வயலுக்கு எப்படிக் கணக்குச் சொல்வீர்கள்?" என்று சித்தப்பா சத்தம் போட்டார். "நான் தேர்ந்தெடுக்கவில்லை ஐயா, எண் தேர்ந்தெடுத்தது" என்றார் அலுவலர்.

பயிர்க் காப்பீட்டு இழப்பீடு பெரும்பாலும் இப்படி எடுக்கும் எடையை வைத்துத்தான் முடிவாகிறது. நான்கைந்து சதுரங்கள் ஒரு கிராமத்துக்காக எவ்வளவு தூரம் பேச முடியும், எவ்வளவு தவறக்கூடும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இந்தியாவில் இந்த முறையை உருவாக்கியதில் பி.வி. சுகாத்மே, வி.ஜி. பான்ஸே போன்றவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்ட கணக்குகளைப் புதிதாகக் கண்டுபிடிப்பதுதான் முனைவர் பட்டம். சித்தப்பா இன்னும் சமாதானம் ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

அக்கா, நான் பி.இ. மெக்கானிக்கல். துறை மாறுவதே பெரிய குறையாகப் பார்க்கப்படுமா?

இல்லை. இந்தத் துறையே மாறி வந்தவர்களால் எழுந்தது. கணிதம் படித்த ஆர்.ஏ. ஃபிஷர் 1919இல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்து, வயல் சோதனைகளோடு மல்லுக்கட்டித்தான் மாறுபாட்டுப் பகுப்பாய்வு (அனோவா) என்ற புள்ளியியல் முறையை வளர்த்தெடுத்தார். புள்ளியியல் மேதை சி.ஆர். ராவ் ஆந்திராவில் கணிதம் படித்தவர். வேலை தேடிக் கல்கத்தா போனார்; அந்த வேலை கிடைக்கவில்லை. அங்கே இந்தியப் புள்ளியியல் நிறுவனம் என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டு, 1941இல் அதில் சேர்ந்தார். அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வகம் 1933இல் தொடங்கியதும் வேளாண்மையின் தோளில் ஏறித்தான்.

சேர்க்கைக் குழுவில் இருப்பவர்கள் எங்கிருந்து வந்தாய் என்று அதிகம் கவலைப்படுவதில்லை. முதலாண்டுப் பாடங்களில் இந்தப் பிள்ளை தாக்குப்பிடிக்குமா, தகுதித் தேர்வைத் தாண்டுமா என்பதுதான் அவர்கள் கவலை. விண்ணப்பத்தின் ஒவ்வொரு தாளும் அந்த ஒரு கேள்விக்குச் சாட்சி சொல்ல வேண்டும். என் முதல் ஆண்டு விண்ணப்பத்தில் நெல், ஆறு, விவசாயி எல்லாம் இருந்தார்கள், சாட்சிதான் இல்லை.

அப்படியானால் எவ்வளவு கணிதம் வேண்டும்? இன்ஜினியரிங் கணிதத்தில் எம்-1, எம்-2, எம்-3 எல்லாம் முடித்திருக்கிறேனே?

பல மாறிகளில் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, கணிதப் புள்ளியியல், கொஞ்சம் நிரல் எழுதும் பழக்கம் (ஆர் அல்லது பைத்தான்). இவற்றுக்கு மேல், மெய்ப் பகுப்பாய்வு. ரியல் அனாலிசிஸ் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். நம் பிள்ளைகள் இடறி விழுவது இங்கேதான்.

இன்ஜினியரிங் கணிதம் முழுவதும் வழிமுறை. வாய்பாட்டில் எண்ணைப் போட்டால் விடை வரும். ரியல் அனாலிசிஸில் விடை முன்பே தெரியும். அது ஏன் உண்மை என்று நிறுவ வேண்டும். நான் வேளாண் கல்லூரியில் படித்த கணிதம் இன்ஜினியரிங் கணிதத்திலும் குறைவு. முதுகலையில் சோதனை வடிவமைப்பு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஒரு தேற்றத்தைக்கூட முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நானாக எழுதியதில்லை. ஒன்பது மறுப்புக்குப் பிறகு ஊரில் இருந்த அந்த ஓராண்டில், திண்ணையில் உட்கார்ந்து தொடர்வரிசையின் எல்லை என்ற வரையறையோடு மட்டும் மூன்று வாரம் போராடினேன்.

1, 1/2, 1/3, 1/4 என்று போகும் 1/n தொடர்வரிசை சுழியை நெருங்குகிறது. குழந்தைக்கும் தெரியும். ஆனால் நிறுவு என்றால்? எதிரே ஒருவர் உட்கார்ந்து, "எனக்கு இவ்வளவு நெருக்கம் வேண்டும்" என்று ஒரு சிறிய எண்ணை நீட்டுகிறார். அதுதான் எப்சிலான். அவர் எதை நீட்டினாலும், "இந்த இடத்தைத் தாண்டிவிட்டால் எல்லா உறுப்பும் நீங்கள் கேட்ட நெருக்கத்துக்குள்தான்" என்று ஓர் இடத்தை நான் காட்ட வேண்டும். அவர் எண்ணை முதலில் சொல்வார், நான் இடத்தைப் பிறகு சொல்வேன். இந்த வரிசை மாறினால் எல்லாமே பிழை. பேரம் பேசும் ஒழுங்குதான் இது என்று புரிந்த அன்று மாலை, அம்மா இரண்டு முறை கூப்பிட்டும் காதில் விழவில்லை.

படித்ததைக் காட்டவும் வேண்டும். "சொந்தமாகப் படித்தேன்" என்பது குழுவின் முன் செல்லாக்காசு. ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடத்தில் சேர்ந்து, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வை எழுதிச் சான்றிதழ் வாங்குங்கள். கல்லூரியில் இன்னும் இருப்பவர்கள், கணிதத் துறையில் அந்தத் தாளை விருப்பப் பாடமாக எடுக்க வழியிருக்கிறதா என்று துறைத்தலைவரைக் கேளுங்கள். அமெரிக்க மேல்படிப்புச் சேர்க்கைக்கு எழுதும் ஜி.ஆர்.ஈ. தேர்வுகளில் கணிதப் பாடத் தேர்வும் ஒரு சாட்சி. அதில் ஏறத்தாழப் பாதி நுண்கணிதம், கால் பங்கு இயற்கணிதம், மீதியில்தான் அனாலிசிஸும் மற்றவையும். மாறி வருபவர்களுக்கு நல்ல மதிப்பெண் கைகொடுக்கும். சுமாராக வந்தால், கட்டாயம் கேட்காத துறைகளுக்கு அனுப்பாமல் இருந்துவிடலாம்.

பொதுவான ஜி.ஆர்.ஈ. எழுத வேண்டுமா?

பல துறைகள் கொரோனாவுக்குப் பிறகு கேட்பதில்லை. சில கேட்கின்றன. ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் அந்த ஆண்டே பாருங்கள். அண்ணன் போன வருடம் சொன்னதை நம்பாதீர்கள். 2023 செப்டம்பர் முதல் தேர்வு இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது, மதிப்பெண் ஐந்தாண்டுகள் செல்லும். கட்டணம் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும் என்பதால் விளையாட்டாக எழுத வேண்டாம்.

மூன்றாண்டு பி.எஸ்ஸி. மட்டும் முடித்துவிட்டு நேராகப் போகலாமா?

அமெரிக்காவில் நான்காண்டு இளங்கலைக்குப் பின் முதுகலை இல்லாமலே நேராக முனைவர் படிப்பில் சேரலாம். நம் மூன்றாண்டுப் பட்டத்தைச் சில இடங்கள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. என்னைக் கேட்டால், மாறி வருபவர்கள் இங்கேயே இரண்டாண்டு முதுகலை முடித்துவிட்டுப் போவது நல்லது. ஆண்டுக்கணக்கும் சரியாகிவிடும், ஓட்டைகளும் அடைபடும். ஐ.ஐ.டி.களில் முதுகலை சேர எழுதும் ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியல் தாள் தனியாகவே இருக்கிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனம் நுழைவுத் தேர்வில் எடுத்து, உதவித்தொகையும் தருகிறது. தொலைவு தாங்காது என்றால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே புள்ளியியல் துறை இருக்கிறது. உங்கள் இளங்கலைக்கு அனுமதி உண்டா என்று தகுதி நிபந்தனையை முதலில் படியுங்கள்.

மகளை அனுப்ப எவ்வளவு ஆகும் அம்மா? திருச்சியில் ஒரு கன்சல்டன்சியில் நாற்பது லட்சம் என்கிறார்கள். நிலத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்று பார்க்கிறோம்.

ஐயா, பத்திரத்தைப் பீரோவிலேயே வையுங்கள். அவர்கள் சொல்வது முதுகலைக்கு. அதற்குப் பெரும்பாலும் நாம்தான் கட்ட வேண்டும். அந்த ஏஜென்ட்டுக்குக் கல்லூரியிலிருந்து கமிஷனும் வரக்கூடும். முனைவர் படிப்பு வேறு வழக்கம். அமெரிக்கப் புள்ளியியல் துறைகள் சேர்த்துக்கொள்ளும் முனைவர் மாணவர்களுக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதச் சம்பளமும் கொடுக்கின்றன. அதற்கு ஈடாக வாரம் இருபது மணி நேரம் வரை பாடம் நடத்த உதவ வேண்டும், அல்லது ஆய்வில் உதவ வேண்டும். அந்தச் சம்பளத்தில் சிக்கனமாக வாழலாம். நான் கொஞ்சம் ஊருக்கும் அனுப்புகிறேன். உதவித்தொகை இல்லாமல் முனைவர் இடம் மட்டும் தருகிறோம் என்று யாராவது எழுதினால், நன்றி சொல்லி விலகிவிடச் சொல்லுங்கள்.

கையிலிருந்து போவது விண்ணப்பச் செலவு. ஓரிடத்துக்கு 75 முதல் 125 டாலர் வரை. எட்டு இடம் என்றால் ஆங்கிலத் தேர்வு, ஜி.ஆர்.ஈ. எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாயை எட்டிவிடும். பிறகு விசாக் கட்டணம், 350 டாலர் செவிஸ் கட்டணம் (வெளிநாட்டு மாணவர் பதிவுக்கு அமெரிக்க அரசு வாங்குவது), விமான டிக்கெட், முதல் சம்பளம் வரும்வரை கைச்செலவு. இதுவும் சிறிய தொகை இல்லைதான். கட்டண விலக்கு கேட்டுத் துறைக்கு எழுதலாம். வெளிநாட்டு மாணவர்களுக்குக் குறைவாகத்தான் கொடுப்பார்கள், ஆனாலும் எனக்கு ஓரிடத்தில் கிடைத்தது.

ஆங்கிலம் தடையாகுமா? நான் பன்னிரண்டு வரை தமிழ் வழி.

நானும்தான். டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். எழுத வேண்டியிருக்கும். மொத்த மதிப்பெண்ணைவிடப் பேச்சுப் பகுதியைக் கவனியுங்கள்: வகுப்பு எடுக்க வைத்துத்தான் சம்பளம் தருகிறார்கள் என்பதால், பேச்சு மதிப்பெண் குறைந்தால் பல பல்கலைக்கழகங்கள் தனியாக ஒரு பேச்சுத் தேர்வு வைக்கும்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டுமாமே. எங்கள் சார், "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார்.

அவர் மீது தவறில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள், எழுதிப் பழக்கமும் இல்லை. ஆனால் நீங்களே எழுதாதீர்கள். நேர்மை ஒரு பக்கம் இருக்கட்டும். மூன்று கடிதங்களும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். மேலும், இணையவழி விண்ணப்பத்தில் "கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்ற கட்டத்தில் டிக் செய்துவிட்டு, கடிதத்தையும் நீங்களே எழுதினால் அது என்ன கணக்கு?

நான் செய்தது இது. ஒரே ஒரு தாள்: அவரிடம் எந்தத் தாள் படித்தேன், எத்தனை மதிப்பெண், வகுப்பில் எந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டேன், அவர் எங்கே திருத்தினார், எந்தத் தேதிக்குள் வேண்டும். அதைக் கையில் கொடுத்துவிட்டு, "ஐயா, நான் நல்ல பிள்ளை என்று எழுத வேண்டாம். என்னால் நிறுவல் எழுத முடியுமா என்பதை உங்களுக்குத் தெரிந்தவரை எழுதுங்கள்" என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த மூன்றாம் தேர்வில் ஐந்தாம் கேள்வியை வேறு வழியில் போட்டாய் இல்லையா?" என்றார். எனக்கே மறந்துபோயிருந்தது. அந்த ஒரு வாக்கியம் நானாக எழுதியிருந்தால் வந்திருக்காது.

மூவரில் இருவராவது கணிதமோ புள்ளியியலோ கற்பித்தவராக இருக்கட்டும். கல்லூரி முதல்வர், எம்.எல்.ஏ., அறக்கட்டளைத் தலைவர் எல்லாம் வேண்டாம். இன்னொன்று: நம் பக்கத்துக் கல்லூரிகளில் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஜிமெயில்தான் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நிறுவன முகவரியை விரும்பும். கல்லூரி முகவரி ஒன்று உருவாக்கித் தரும்படி ஆசிரியர் கேட்கவும், அலுவலகம் அதைச் செய்யவும் ஒரு மாதம் ஆகும். ஆவணியிலேயே தொடங்குங்கள்.

எஸ்.ஓ.பி.யில் (விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க உரையில்) துறை மாறியதற்கு என்ன காரணம் சொல்வது?

உண்மையான காரணத்தை இரண்டு பத்தியில் சொல்லுங்கள், மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம். மீதி இடத்தில், மாறுவதற்கு என்ன செய்தீர்கள், எந்த வகைக் கேள்விகளில் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று எழுதுங்கள். பழைய துறை இங்கேதான் உதவும்: கணிதச் சாட்சி உறுதியாக இருந்தால், மெக்கானிக்கல்காரருக்குத் தெரிந்த இயந்திரப் பழுதுத் தரவும், வேளாண்மைக்காரிக்குத் தெரிந்த வயல் சோதனையும் பலம். சாட்சி இல்லாமல் அவை வெறும் கதை.

கும்பகோணம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று: ராமானுஜனைக் கொண்டுவராதீர்கள். "ராமானுஜன் நடந்த மண்ணிலிருந்து வருகிறேன்" என்று என் முதல் எஸ்.ஓ.பி. தொடங்கியது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவரே 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டிக்கு எழுதியபோது மண்ணைப் பற்றி எழுதவில்லை. பக்கம் பக்கமாகத் தேற்றங்களை வைத்து அனுப்பினார்.

அரியர் இருந்தது, பிறகு முடித்துவிட்டேன்.

வரலாற்றிலோ ஆங்கிலத்திலோ என்றால் மறந்துவிடுங்கள். கணிதத்தில் என்றால், அதே பாடத்தில் பிறகு நன்றாகச் செய்ததற்கு ஏதாவது காட்டுங்கள்.

சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர். பிரச்சினையா?

ஆகும். சிறிய விஷயம்போலத் தெரிந்து தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். மதிப்பெண் பட்டியலில் பெயர் "எஸ். கார்த்திகா" என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் "செல்வராஜ்" என்றிருக்கும். தேர்வுகளுக்கும் விண்ணப்பத்துக்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் பதியுங்கள். தேர்வு மையத்தில் பாஸ்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள். இனி பாஸ்போர்ட் எடுப்பவர்கள் இரண்டு கட்டங்களையும் நிரப்புங்கள். ஒரே பெயரை ஒரே கட்டத்தில் போட்டு எடுத்த என் தோழிக்கு, அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் "எஃப்.என்.யு." என்று வந்தது. முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் அவளை "ஃப்னூ" என்று கூப்பிட்டார்.

பேராசிரியர்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமா?

அமெரிக்கப் புள்ளியியல் துறைகளில் பொதுவாகத் தேவையில்லை. குழுதான் முடிவு செய்கிறது, படிப்பில் சேர்ந்த பிறகு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். ஜெர்மனியில் தலைகீழ்: பெரும்பாலும் முதுகலை கட்டாயம், வழிகாட்டியை நீங்களே பிடிக்க வேண்டும், பல இடங்களில் அது சம்பள வேலை. பிரிட்டனிலும் வழிகாட்டியிடம் முதலில் பேசுவது நல்லது.

பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (உயிரியல், மருத்துவத் தரவுகளுக்கான புள்ளியியல்) சுலபமாகக் கிடைக்குமாமே?

சுலபம் என்று சொல்ல மாட்டேன். அனாலிசிஸ் எதிர்பார்ப்பு சில இடங்களில் சற்றுத் தளர்வு. உயிரியல், மருந்தியல், வேளாண்மை பக்கமிருந்து வருபவர்களுக்கு இயல்பாகப் பொருந்தும். ஆனால் அங்கே பல மாணவர்களுக்குப் பணம் வருவது அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தின் பயிற்சி மானியங்களிலிருந்து. அவை குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே. வெளிநாட்டு மாணவருக்கு எந்த வழியில் நிதி தருகிறார்கள் என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பெண் பிள்ளையை ஐந்து வருடம் அனுப்பிவிட்டு நாங்கள் என்ன செய்வது?

வாட்ஸாப் கற்றுக்கொள்ளுங்கள் அத்தை. ஐந்து வருடம் என்பதும் ஆறாகலாம்.

எப்போது தொடங்க வேண்டும்?

பெரும்பாலான கடைசித் தேதிகள் டிசம்பர் 1 முதல் ஜனவரி நடுப்பகுதி வரை. அதற்கு ஆயத்தமாகும் மாதங்கள் நமக்கு ஐப்பசி, கார்த்திகை: அடைமழை, புயல், மின்தடை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்த பிறகு வேதாரண்யம் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. எனவே தீபாவளிக்குள் எஸ்.ஓ.பி. முடிந்திருக்க வேண்டும், டிரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகம் தரும் மதிப்பெண் தொகுப்பு) கையில் இருக்க வேண்டும். நான் படித்த இடத்தில் டிரான்ஸ்கிரிப்டுக்கு நான்கு முறை நடந்தேன். மூன்றாம் முறை "சீல் போடுகிறவர் லீவு" என்றார்கள். நல்லவேளையாக, விண்ணப்பத்தின்போது ஸ்கேன் செய்த பிரதியே பல இடங்களில் போதும், முத்திரையிட்ட மூலப்பிரதி இடம் கிடைத்த பிறகுதான்.

நேரக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் டிசம்பர் 1 இரவு 11.59 என்றால் நமக்கு டிசம்பர் 2 காலை 10.29. அந்தக் காலை நேரத்தை நம்பி உட்கார வேண்டாம்.

எத்தனை இடங்களுக்குப் போடலாம்?

எட்டு முதல் பன்னிரண்டு. பெயர்பெற்ற இரண்டு, மூன்று போதும். அங்கே நீங்கள் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் படித்தவர்களோடும் பெய்ஜிங்கிலிருந்து வருபவர்களோடும் ஒரே வரிசையில் நிற்கிறீர்கள். மீதியை, உங்கள் பழைய துறைக்கு வேலை இருக்கும் இடங்களாகத் தேடுங்கள். நான் முதல் ஆண்டு ஒன்பதையும் தரவரிசைப் பட்டியலின் உச்சியிலிருந்து வரிசையாக எடுத்தேன். இரண்டாம் ஆண்டு, வேளாண்மைக் கல்லூரியோடு சேர்ந்து வளர்ந்த துறைகளைத் தேடினேன். கிடைத்த இரண்டும் அப்படிப்பட்டவை.

முடிவு எப்போது தெரியும்?

ஜனவரிக் கடைசியில் தொடங்கி மார்ச் வரை வரும். உதவித்தொகையோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதாகப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்கு முன் அவசரப்படுத்தினால் பணிய வேண்டாம். வேண்டாத இடத்தை உடனே மறுத்துவிடுங்கள், காத்திருப்புப் பட்டியலில் யாரோ ஒருவர் அதற்காக விழித்திருப்பார். நானும் அப்படி விழித்திருந்தவள்தான். மார்ச்சில் வந்த அழைப்பு ஒன்று கையில் இருந்தது. மனசு வைத்திருந்த இடம் காத்திருப்புப் பட்டியலில் போட்டிருந்தது. ஏப்ரல் 14 காலை, வாசலில் உளுந்து காயப்போட்டிருந்தோம். கோழி விரட்டிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. படித்து முடித்து நிமிர்ந்தபோது இரண்டு கோழிகள் நடுக்களத்தில் நின்று கொத்திக்கொண்டிருந்தன, அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தார்.